பூமாரியின் மீதி நிரை

1

இந்தக் கதை என் கழுத்தில் தொடங்கியது. அழகுக்காகச் சொல்லவில்லை. போன சித்திரையில் ஒரு நாள் காலை எழுந்தபோது என் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. பதினெட்டு வருடம் குனிந்து உட்கார்ந்து கதை எழுதியதற்கு எனக்குக் கிடைத்த முதல் விருது அதுதான். முதலமடையில் மாங்காய் சீசன் நேரத்தில் ரோட்டைக் கடப்பவனுக்குக் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியாக வேண்டும். நான் லாரி வருகிறதா என்று பார்க்க முழு உடம்போடு திரும்புவேன். அதற்குள் லாரி போய்விடும், ஹாரன் மட்டும் காதில் இருக்கும்.

“ஏனுங்க, பேர் சொல்லிக் கூப்புட்டா லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி திரும்பறீங்க. எங்கயாச்சும் போய்க் காட்டுங்க” என்றாள் என் மனைவி பிரதீபா.

எண்ணெய் போட்டேன், ஒத்தடம் கொடுத்தேன், தைலம் தேய்த்தேன். கடைசியில் ஆடி மாதம், சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு மாங்காய் குடோனில் யோகப்பிரியா நடத்தும் வகுப்பில் போய்ப் படுத்தேன். ஆமாம், படுத்தேன். அந்த வகுப்பில் முக்கால்வாசி நேரம் படுத்துக்கொள்வதுதான் வேலை. யோகப்பிரியா இங்கத்து மாந்தோப்புக் குடும்பத்துப் பெண். பெங்களூரில் இரண்டு வருடம் சொமாட்டிக் அசைவு என்ற ஒன்றைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். அது யோகாவா என்று கேட்டால் இல்லை என்பாள், பிசியோதெரபியா என்றாலும் இல்லை என்பாள். “ஒடம்ப உள்ளயிருந்து கேக்கறதுங்க” என்பாள்.

முதல் நாள் என்னிடம் அவள் சொன்னது: “கழுத்தத் திருப்ப வேண்டாங்க சார். திருப்பப் போறோம்னு மட்டும் நெனைங்க. நெனச்சுட்டு அப்புடியே நின்னுக்கோங்க.”

செய்யப் போகிறோம் என்று நினைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. என் நாவல் ஒன்று மூன்று வருடமாக அந்த நிலையில்தான் இருக்கிறது.

நாலாவது வகுப்பு முடிந்து எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, சூரியநெல்லியில் எஸ்டேட் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தான் எடுத்த வகுப்பைப் பற்றி யோகப்பிரியா பேச்சுவாக்கில் சொன்னாள். மொத்தம் நாலு வாக்கியம். ஒரு அக்காவுக்கு வலது கை மேலே போகவில்லை. பக்கத்தில் படுத்திருந்த அக்கா அவளோடு பேசுவதே இல்லை. ஆனால் அந்த அக்கா பத்திலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தாள். “எனக்கு அழுகையே வந்துருச்சுங்க சார்.”

அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு வழியாக மூன்று பஸ் மாறி ஒரே ஒரு தடவை சூரியநெல்லி போய்வந்தேன். (இடப்பக்கச் சன்னல் சீட்டு கிடைத்தது. ஒரு காட்சியும் பார்க்கவில்லை.) மற்றதெல்லாம் நான் சேர்த்தது. எங்கெங்கே சேர்த்தேன் என்பதை இப்படி அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்கிறேன். மறந்துபோன இடங்களுக்குப் பொறுப்பேற்க முடியாது.

2

முதல் தொடக்கம்: “சூரியநெல்லி மலைகளின் மேல் மூடுபனி ஒரு வெண்பட்டாக—”

வேண்டாம். இந்த வாக்கியத்தைச் சின்னக்கானல் வழியில் ஏற்கெனவே ஏழு ரிசார்ட்டுகள் போர்டில் எழுதி வைத்திருக்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: “மனித உடல் ஒரு நினைவுக் கிடங்கு. நவீன நரம்பியல் கூறுவது யாதெனில்—”

நவீன நரம்பியல் என்ன கூறுகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று மட்டும் தெரியும்.

மூன்றாம் தொடக்கம்: “பூமாரி விழுந்தாள். அழகுத்தாய் சிரித்தாள்.”

இது இருக்கட்டும். நடந்தது அதுதான்.

பூமாரிக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அழகுத்தாய் அவளைவிட நாலு வயது மூத்தவள். காட்டில் பக்கத்து நிரை, எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் பக்கத்து வீடு. உறவு ஒன்றும் கிடையாது என்றாலும் பூமாரி அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள், அந்த அளவுக்கு மெல்லிய சுவர் நடுவில். அப்படிப்பட்ட இரண்டு பேர்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், எடைக்குப் போகும் நேரத்தில், தலையில் கொழுந்து மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த பூமாரி சரிவில் வழுக்கினாள். மூட்டை ஒரு பக்கம் போயிற்று. அவள் ஒரு பக்கம் போனாள். மூன்று வரிசைச் செடி தாண்டி உருண்டு, ஒரு பாறையடியில் உட்கார்ந்த நிலையில் போய் நின்றாள். மேலே நின்ற அழகுத்தாய் சிரித்துவிட்டாள். விழுந்தவரைப் பார்த்தால் யாருக்கும் முதலில் சிரிப்புதான் வரும், பதறுவது அப்புறம்தான். ஆனால் அழகுத்தாய்க்குச் சிரிப்பு வந்தால் லேசில் நிற்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, செடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சிரித்தாள். கீழேயிருந்து பூமாரி கத்தியது அழுகை என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

வலது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. பேச்சு கூடவில்லை. அழகுத்தாய் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பூமாரி வாசலிலேயே வாங்கி, பாத்திரத்தைக் கழுவி, வாசலிலேயே வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குமேல் அழகுத்தாய்க்கும் ரோஷம் வந்துவிட்டது. அந்த மெல்லிய சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் இருமக்கூட யோசித்தார்கள்.

3

கையின் கதை வேறு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் வலது கை தோள் மட்டம் வரைகூடப் போகவில்லை. பாதி வழியில் தானாக நின்றுவிடும். வலிக்கிறதா என்றால் வலியில்லை. வலிக்கப் போகிறது என்று கை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் செபமாலையம்மாள் சொன்னார்: “எலும்பு எந்திரிச்சிருச்சு பூமாரி. ஒன் கைதான் இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு.”

கொழுந்து எடுக்கக் கை இடுப்பளவு உயர்ந்தால் போதும். அதனால் பூமாரி வேலைக்குத் திரும்பிவிட்டாள். மூட்டையைத் தலைக்கு ஏற்றத்தான் முழுக் கை வேண்டும். அவள் மூட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவதை சூப்பர்வைசர் ஆறு மாதம் பார்த்தார், ஏழாவது மாதம் மேலே எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை டாக்டர் பரிசோதனை. கை முழுதாக மேலே போனால் பழைய இடம். போகாவிட்டால் காட்டு வேலைக்கு அன்பிட். கீழ் டிவிஷன் நாற்றங்காலில் வேலை, வீடும் அங்கேயே மாறும். பதினாலு கிலோமீட்டர்.

நாற்றங்கால் வேலை சுலபம்தான், நிழலும் உண்டு. பூமாரிக்கு அது வேண்டாம். அவளுடைய நிரையின் மேல்முனையில் நின்றால் ஆனையிறங்கல் அணையின் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கி வேலையைத் தொடங்கியிருக்கிறாள். “எம்புட்டு நெழலு குடுத்தாலும் நான் போவ மாட்டேன் சிஸ்டர்” என்று செபமாலையம்மாளிடம் சொன்னாள். போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. முடிவு செய்வது கை.

இங்கே நிரையைப் பற்றி ஒரு குறிப்பு. இதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் படிக்கலாம், ஆனால் படிக்காமல் போகக் கூடாது.

(குறிப்பு: தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை. கீழ்முனையில் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி மேலே போவார்கள். சீக்கிரம் முடித்தவள் சும்மா நிற்கக் கூடாது; பக்கத்து நிரைக்காரி பின்தங்கியிருந்தால் அவளுடைய நிரைக்குப் போய்க் கை கொடுக்க வேண்டும். ஆனால் அவள் பக்கத்தில் போய் நின்று எடுக்க மாட்டார்கள், அது அவளை அவமானப்படுத்துவது. எதிர்முனைக்குப் போய், அங்கிருந்து அவளை நோக்கிக் கீழே எடுத்துக்கொண்டு வருவார்கள். எடுத்த கொழுந்து நிரைக்காரியின் மூட்டையில் சேரும். இரண்டு பேரும் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு செடி மிஞ்சும். அந்தக் கடைசிச் செடியை வந்தவள் தொட மாட்டாள், நிரைக்காரிதான் எடுக்க வேண்டும். நன்றி சொல்லும் வழக்கமும் கிடையாது. எல்லா எஸ்டேட்டிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. பூமாரியின் காட்டில் இப்படித்தான்.)

பூமாரி வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, கை மெதுவாகவே ஓடியதால், அவளுடைய நிரை பாதிக்கு மேல் போனதில்லை. ஒவ்வொரு நாளும் எதிர்முனையிலிருந்து அழகுத்தாய் இறங்கி வந்தாள். கடைசிச் செடியில் இடுப்பில் கட்டிய படங்குத் தாள்கள் உரச நின்று, முகம் பார்க்காமல் பிரிந்து போனார்கள். வழக்கம் வேறு, சண்டை வேறு.

4

செபமாலையம்மாள்தான் பூமாரியை வகுப்புக்கு அனுப்பினார். “மாத்திரை முடிஞ்சிருச்சு, தைலம் முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கெழம சமுதாயக் கூடத்துல ஒரு பொண்ணு வந்து படுக்கச் சொல்லிக் குடுக்குதாம். போய்ப் படு.”

லயத்தில் அதற்குப் பெயரே படுத்துக் கெடக்குற கிளாஸ் என்று ஆகிவிட்டது. இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். பாய் கொண்டு வரச் சொல்லியிருந்தது. எல்லோரும் வேலைக்கு இடுப்பில் கட்டும் படங்குத் தாளைக் கொண்டு வந்து விரித்தார்கள். விரித்து முடித்த பிறகுதான் ஒருத்திக்கு உறைத்தது: காட்டில் நிற்கும் அதே வரிசையில் படுத்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போய் அந்தந்த இடத்தில் நின்றிருக்கிறது. ஆகவே பூமாரிக்கு வலப்பக்கம் அழகுத்தாய்.

எழுந்து இடம் மாறலாம். மாறினால் நிரை கலையும். பூமாரி கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

“எல்லாரும் கண்ண மூடிக்கோங்க அக்கா. இடுப்புக்கு அடியில ஒரு கடிகாரம் இருக்கறாப்புல நெனச்சுக்கோங்க. தொப்புள் பக்கம் பன்னண்டு. மெதுவா இடுப்ப அந்தப் பன்னண்டுக்குச் சாய்ங்க பாக்கலாம்” என்றாள் யோகப்பிரியா.

“பன்னண்டுன்னா எடைக்குப் போவணுமே” என்றது ஒரு குரல். கூடமே குலுங்கியது. அழகுத்தாய் சிரிக்கவில்லை. (இதை யோகப்பிரியா கவனித்தாளா என்று கேட்டேன். “அவிய ஒருத்தருதான் சிரிக்கலீங்க” என்றாள். எனக்குக் கிடைத்த ஐந்தாவது வாக்கியம்.)

அப்புறம்தான் கை வந்தது. பக்கவாட்டில் கிடக்கும் வலது கையை மெதுவாகத் தூக்கி, தலைக்கு மேலே தரையைத் தொடும்வரை கொண்டுபோக வேண்டும். பத்துப் படியாக. ஒன்றில் விரல் மட்டும் அசையும். இரண்டில் மணிக்கட்டு. ஐந்தில் கை நேராகக் கூரையைப் பார்க்கும். பத்தில் புறங்கை தலைக்கு மேலே தரையில்.

“அவசரமே வேண்டாங்க. ஒவ்வொரு நெம்பருக்கும் ஒரு மூச்சு, ரண்டு மூச்சுகூட எடுத்துக்கோங்க. எங்க நிக்குதோ அங்கயே நின்னு, அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க. பக்கத்துல பாக்கக் கூடாது. அடுத்தவங்க ஒடம்ப யாரும் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது. இதான் என்ற கிளாஸ்ல மொத ரூல்.”

விதியெல்லாம் சரி. ஆனால் இருபத்திரண்டு பெண்களை வரிசையில் விட்டு ஆரம்பிங்க என்று சொன்னால் என்ன ஆகும்? யோகப்பிரியா முப்பது நிமிடப் பயிற்சி என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சடசடவென எண்ணிக்கொண்டு இருபத்தொரு பேர் ஒரு நிமிடத்தில் பத்தை முடித்துவிட்டு, முடிந்தது என்ற முகத்தோடு எழுந்து உட்கார்ந்தார்கள்.

பூமாரி நாலில் இருந்தாள்.

கை தரையிலிருந்து எழும்பி, சாய்ந்த மரம் போல அங்கேயே நின்றது. ஐந்து வரவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கண்ணை மூடியிருந்தாலும் தெரிந்தது. கையை இறக்கிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். நாற்றங்காலில் குனிந்து தண்ணீர் ஊற்றும் தன்னை நினைத்தாள். பக்கத்தில் படங்குத்தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது.

அழகுத்தாய் எழுந்து தன் படங்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பூமாரியின் கால் இருக்கும் பக்கம் தன் தலையை வைத்து, எதிர்த்திசையில் படுத்தாள். கையை நேரே தலைக்கு மேலே கொண்டுபோய்த் தரையில் வைத்தாள்.

“பத்து” என்றாள்.

யோகப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “அக்கா, ஒண்ணுல இருந்துங்க—” என்று தொடங்கினாள். மற்ற பெண்கள் அவளைப் பார்த்து உஸ் என்றார்கள்.

“ஒம்போது.” கை தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. இந்த முறை அழகுத்தாய் அவசரப்படவில்லை. யோகப்பிரியா சொன்ன அந்த இரண்டு மூச்சு. “எட்டு.” மூச்சு. “ஏழு.” மூச்சு. “ஆறு.”

நிறுத்திவிட்டாள்.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, மாங்காய் வீட்டுப் பெண் யோகப்பிரியா ஒருத்தியைத் தவிர. நிரையில் ஒரே ஒரு செடி மிச்சம். அது பூமாரியுடையது.

பூமாரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவளை யார் கூப்பிட்டது? பதினோரு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவள், பேசியது இதுதானா, ஐந்து நம்பரா? கோபத்தில் பல்லைக் கடித்தாள். கடித்துக்கொண்டே இருக்கும்போது, தோளும் பல்லைப் போலவே கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முதன்முறையாகத் தெரிந்தது. இத்தனை நாளும் கை தூங்குகிறது, செத்துவிட்டது என்றெல்லாம் நினைத்திருந்தாள். அது இராப்பகலாக எதையோ இறுகப் பிடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. சரிவில் விழும்போது கிடைத்த செடியைப் பிடித்த மாதிரி. பாவம், யாரும் அதனிடம் விழுந்து முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அவளுக்குத் தன் கை மேலேயே இரக்கமாக இருந்தது. பல்லை விட்டாள். தோளும் ஒரு நூல் விட்டது.

“அஞ்சு” என்றாள்.

கை நேராகக் கூரையைப் பார்த்து நின்றது. ட்யூப்லைட்டைக் காட்டுவது போல. யாரும் கைதட்டவில்லை, நிரை முடிந்ததற்கெல்லாம் அங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள். அழகுத்தாய் படங்கைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

5

இங்கேதான் எனக்குத் தகராறு.

அழகுத்தாயை எனக்குப் பிடிபடவில்லை. இரக்கமா, குற்ற உணர்வா, வெறும் பழக்கமா? “அழகுத்தாயின் மனத்தில் அப்போது—” என்று ஒரு பாராவை நாலு தடவை தொடங்கினேன். நாலு தடவையும் அவள் என்னிடமும் பேசவில்லை. சூரியநெல்லி போயிருந்தபோது டீக்கடையில் ஒரு பெண்ணிடம் விவரம் கேட்டேன். எதற்காக ஒருத்தி தன்னோடு பேசாதவளின் நிரையை எடுக்க வேண்டும் என்று. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நெர மிச்சம் கெடந்தா எடுக்காம? இதென்ன கேள்வி?” என்றாள். என் பாராவை அழித்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு நடந்ததை மட்டும் சொல்கிறேன். யோகப்பிரியா ஒவ்வொருவரிடமும் உடம்பில் எங்கே இறுக்கம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். முட்டி, குறுக்கு, பிடரி என்று வந்துகொண்டிருந்தது. அழகுத்தாயின் முறை வந்தபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு வயித்துல. சிரிச்ச எடத்துல. அன்னைக்குப் பிடிச்சது, இன்னும் விடல. அதுக்கப்பொறம் நான் சிரிக்கவே இல்ல.”

பக்கத்தில் கிடந்த பூமாரியும் கூரையிடமே கேட்டாள்: “நான் உருண்டது அம்புட்டுச் சிரிப்பாவா இருந்துச்சு?”

“பலாப்பழம் உருண்டாப்புல இருந்துச்சு.”

“பலாப்பழத்துக்கு எலும்பு ஒடையாது மதினி.”

(இந்த உரையாடலை யோகப்பிரியா சொல்லவில்லை. நான் வைத்தேன். எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். அந்த மதினி என்ற சொல் இல்லாமல் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.)

அன்று பூமாரியின் கை ஆறுவரை போனது. நாலாவது ஞாயிறும் ஆறுதான். அதற்குமேல் ஞாயிறு இல்லை. புதன்கிழமை பரிசோதனை.

எனவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: டாக்டர் முன்னால் கை விசுக்கென்று மேலே போய்விடுகிறது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதை எழுதும்போதே எனக்குப் பின்னணியில் வயலின் கேட்டது. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: பரிசோதனைக்கு முந்தின நாள் அழகுத்தாய் லயத்து வாசல் பாசியில் வழுக்கித் தொப்பென்று விழுகிறாள். பூமாரி அடக்க முடியாமல் சிரித்து, “அய்யோ மதினி” என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். வலது கையால். அடித்த பிறகுதான் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாள். பிரதீபாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. இவ்வளவு கச்சிதமாக வாழ்க்கை எனக்கு எதையும் கொடுத்ததில்லை என்பதால் சந்தேகப்பட்டேன்.

மூன்றாவது: கை போகவில்லை. பூமாரி கீழ் டிவிஷனுக்குப் போகிறாள். பழகிக்கொள்கிறாள். இதுதான் உண்மையாக இருக்கும் என்று தோன்றியது. அந்தப் புது வீட்டின் சுவர் எவ்வளவு தடிமன் என்று எழுதும்போது பேனாவை வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை.

மூன்றையும் யோகப்பிரியாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போன் வந்தது.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ரண்டு முடிவுல நீங்களே அந்தக்கா கையத் தூக்கி உடறீங்க. இன்னொண்ணுல நீங்களே புடிச்சுக் கீழ போடறீங்க.”

“எழுத்தாளன் பின்னே என்ன செய்வானுங்க?”

“என்ற கிளாஸ்ல மொத ரூல் என்னங்க?”

“அடுத்தவங்க உடம்ப யாரும் அசைக்கக் கூடாது.”

“கதைலயும் அது ஒடம்புதானுங்களே. சரி, கழுத்து எப்புடி இருக்குது?”

பாதி திரும்புகிறது என்றேன். பாதி நல்ல சேதி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

6

புதன்கிழமை காலை பத்து மணி. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறை. மேஜைக்குப் பின்னால் புதிதாக வந்த இளம் டாக்டர், பக்கத்தில் செபமாலையம்மாள், நடுவில் பூமாரி. வலப்பக்கம் ஒரு சன்னல், அதற்கு வெளியே வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சு. பெஞ்சில் வயிற்றுவலி என்று சீட்டு எழுதி, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அழகுத்தாய்.

டாக்டர் நல்ல மனிதர். (கெட்டவராக எழுதினால் கதைக்கு வசதி. ஆனால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை, ஒரு சரிவும் கொஞ்சம் மழையும்தான்.) மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: “கை பொக்கணும் அம்மே. மேலே, நல்லா மேலே. மெல்ல மதி, மெல்லத் தூக்கினா போதும்.”

மெல்ல என்ற சொல் பூமாரிக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று, விரல். இரண்டு, மணிக்கட்டு. மூன்று. நாலில் தோள் பல்லைக் கடித்தது. அதனிடம் இரண்டு மூச்சு நின்று, விழுந்து முடிந்துவிட்டது என்றாள். அது விட்டது. ஐந்து, தோள் மட்டம். ஆறு, தோளுக்குச் சற்று மேலே.

ஆறில் நின்றது.

உள்ளங்கையில் ஈர இலை வாடை. காலுக்கடியில் மண் நழுவுவது போல இருந்தது. இங்கே சிமெண்ட் தரைதான் என்று அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“பத்து” என்றது சன்னல்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். “ஆரா அது?”

“வயித்துவலிக் கேஸ் டாக்டர்” என்றார் செபமாலையம்மாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். “எண்ணிக்கிட்டு இருந்தா வலி தெரியாதாம்.” சன்னலைச் சாத்துவது போலப் போய், இன்னும் ஒரு சாண் திறந்துவிட்டு வந்தார்.

“ஒம்போது.”

பூமாரி கண்ணைத் திறக்கவில்லை. எதிர்முனையிலிருந்து செடி செடியாக ஒருத்தி இறங்கி வருவது அவளுக்குத் தெரிந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூச்சு விட்டு.

“எட்டு.”

அதற்கப்புறம் சத்தமில்லை.

நான் இங்கே நிற்கிறேன். அவள் கை மேலே போக வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லி முடியாது. இதை எழுதும்போது என் வலது கை தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிரதீபா கதவோரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரே ஒரு வினைச்சொல் போதும். எழுதிவிட்டால் கை உயர்ந்துவிடும். ஆனால் அப்போது உயர்த்தியது நான்.

ஆகவே நிரையின் வழக்கப்படி செய்யலாம். இந்தக் கதைக்குப் பத்துப் பகுதிகள். நான் ஆறு வரை வந்துவிட்டேன், கழுத்தும் வலிக்கிறது. நீங்கள் பத்தாவதிலிருந்து வாருங்கள். பத்தாவது பகுதியில் ஒரு திங்கட்கிழமை, காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் நேரம், படங்கு கட்டிக்கொண்டு பூமாரி நிற்கிறாள். எந்த டிவிஷனில், பக்கத்தில் யார் என்பது நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது. ஒன்பதில் அழகுத்தாயைச் சிரிக்க வையுங்கள், பதினோரு மாதச் சிரிப்பு பாக்கி இருக்கிறது. எட்டில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் படியில் இறங்குகிறார்கள். யார் முன்னால், யார் பின்னால், என்ன முகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததையெல்லாம் என் மூட்டையில் போட்டுவிடுங்கள். நன்றி சொல்ல மாட்டேன், அங்கே அது வழக்கமில்லை.

ஏழு பூமாரியுடையது. எட்டு வரை வந்ததும் நின்றுகொள்ளுங்கள்.